விளக்கின் அடியில்

மாஞ்சோலை தேயிலை எஸ்டேட்டில் நாங்கள் குடியிருந்த தொழிலாளர் லயன் வீடுகளை வரிசையான கட்டங்களாக மரப்பலகையில் செதுக்கியிருந்தேன். முதல் அச்சில் எல்லாக் கட்டமும் கறுப்பு. எஸ்டேட் கம்பெனி எங்களை மலையைவிட்டு இறக்கிய பிறகு, அதே பலகையில் மை தடவாமல் கடைசி அச்சை எடுத்தேன். தாளைச் சாய்த்துப் பிடித்தால்தான் கட்டங்களின் பள்ளம் தெரியும்.

பாளையங்கோட்டையில் என் அச்சுகளும் இடம்பெற்ற ஓவியக் கண்காட்சி. திறந்துவைத்த பேராசிரியர், உலகப்போருக்குப் பிறகு ஐரோப்பாவில் மையே இல்லாமல் வெறும் கட்டங்களை அச்செடுத்த ஓவியர்களைப் பற்றி உருகி உருகிப் பேசினார். "நம்ம ஊர்ல யாருக்கு இந்தத் துணிச்சல் வரும்?" என்றார். எல்லோரும் கைதட்டினார்கள்.

சுவரில் என் கடைசி அச்சைக் காணவில்லை. அது அவர் ஏற்றிய குத்துவிளக்கின் அடியில் கிடந்தது. தரையில் எண்ணெய் படாமலிருக்க விரித்திருக்கிறார்கள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. விழா நடத்திய அண்ணாச்சியிடம் கத்தினேன்.

"ஏம்மா இம்புட்டு கோவப்படுதே? ஒண்ணுமில்லாத வெள்ளத்தாள்னுல்லா நெனச்சேன்."

"எங்களையும் அப்பிடித்தான நெனைச்சாங்க, அண்ணாச்சி."

விளக்கை நகர்த்தித் தாளை எடுத்தேன். விளக்கின் அடிப்பாகம் எண்ணெய் வட்டமாகப் பதிந்து நான்கு வீடுகளை நசுக்கியிருந்தது. துடைக்காமல் அப்படியே பேராசிரியரின் முகத்துக்கு நேரே நீட்டினேன்.

"இதுக்கும் கைதட்டுங்க சார்."