மோருப் பாட்டு

தொண்ணூறுகளின் நடுவில், தோஹா தொழிற்பேட்டையில் கேபிள் இழுக்கும் கூட்டத்தில் இருந்தேன். என் வேலை இழுப்பதல்ல, பாடுவது. கையால் இழுக்கத் தெம்பில்லாதவன் வாயாலாவது இழுக்கட்டும் என்று ஃபோர்மேன் விட்டுவிட்டார். அவர் ராமநாதபுரத்துக்கார பாய். பள்ளத்து ஓரமாக முப்பது பேர் கேபிளைப் பிடித்து நிற்பார்கள். நான் ஒரு அடி பாட, 'ஐலசா' என்று ஓர் இழுப்பு. என் குரலிலிருந்து சீக்கிரம் தப்பிக்கத்தான் அவ்வளவு வேகமாக இழுத்தார்கள் என்பது என் கணிப்பு.

தண்ணீர் குடிக்க நிறுத்துவதற்கும் ஒரு பாட்டு கட்டியிருந்தேன்.

மோருப் பானை மூலையில,
மூணு ஈ அதுமேல,
ஈய ஓட்டி ஒரு மடக்கு
குடிச்சிட்டுத்தான் மறுவேல!

கடைசிச் சொல் விழுந்ததும் எல்லாரும் கேபிளைப் போட்டுவிட்டுத் தண்ணீர் டிரம்முக்குப் போவார்கள். மோரெல்லாம் கிடையாது, ஐஸ் தண்ணீர்தான்.

அப்போது ஊரில் எனக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. இன்னும் பன்னிரண்டே நாள். லீவு பேப்பரில் பாய் கையெழுத்துப் போட வேண்டும்.

"இன்னைக்கு அரபி இன்ஜினியர் வர்றாரு. கேபிள் முழுசா உள்ள போற வரைக்கும் மோருப் பாட்டு வாயில வரக்கூடாது. வந்துச்சு, பேப்பர கிழிச்சிப்புடுவேன்" என்றார் பாய்.

தெரிந்ததையெல்லாம் பாடினேன். பாதிக் கேபிள் போனபோது சரக்கு தீர்ந்தது. தொண்டையும் வறண்டது. இன்ஜினியர் வண்டியை விட்டு இறங்கினார். பதற்றத்தில் வாய் தானாகப் பழகிய பாதையில் போய்விட்டது. 'மறுவேல' என்று முடித்த பிறகுதான் என்ன பாடினேன் என்றே எனக்குத் தெரிந்தது. முப்பது பேரும் கையை விட்டார்கள். கேபிள் தொப்பென்று மணலில் விழுந்தது.

"ஷுகல் மாஃபி?" வேலை இல்லையா என்று இன்ஜினியர் கத்தினார்.

"இல்ல மாப்ள, ஒனக்குக் கல்யாணம் மாஃபி" என்றான் என் பின்னால் நின்ற ஒருவன், என்னிடம்.

பாய் என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு ஒரு டம்ளர் ஐஸ் தண்ணீரை இன்ஜினியர் கையில் கொடுத்து, "சார், சேஃப்டி பிரேக். வெயில் ஜாஸ்தி" என்றார். அவர் குடித்தார். இன்னொரு டம்ளர் கேட்டார். "குட் சிஸ்டம்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மதியத்துக்குள் கேபிள் உள்ளே போய்விட்டது. பாய் என் பேப்பரைத் தொடையில் வைத்துக் கையெழுத்துப் போட்டார்.

"போயிட்டு வாப்பா. ஆனா ஒன் கல்யாணத்துல மட்டும் பாடிறாத. பந்தக்கால் பிடிச்சிருக்கவன் கையை விட்டுருவான்."