தாலி ஏறாத பிள்ளைக்கு விவாகரத்து

உரும்பிராய்க் குணலட்சுமி, எங்களுக்குக் குணம், எனக்குத் தங்கைமுறை, என்ரை சின்னம்மாவின் கடைசி மகள். புருஷன் பொன்னம்பலம் மாரடைப்பில் போனபிறகு, வெங்காயத் தோட்டத்தை நம்பி இரண்டு பெட்டைகளையும் தனிய வளர்த்தவள். மூத்தவள் நிரோஜா. இது அவளின்ரை கதை.

எங்கடை பக்கத்தில் வெளிநாட்டு மாப்பிள்ளை என்றால் முதலில் எழுத்துத்தான். பதிவுகாரர் வீட்டுக்கு வருவார், இரண்டு பேரும் கையெழுத்து வைப்பினம், கேக் வெட்டிப் படம் எடுப்பினம். மாப்பிள்ளை திரும்பிப் போய்ப் பெட்டையைக் கூப்பிடுகிற அலுவலைத் தொடங்குவார். தாலியும் கூறையும் பிறகு. கம்பஸ் படிப்பு முடித்த கையோடு நிரோஜாவுக்கும் கனடா ஜெயசுதனோடு அப்படித்தான் எழுத்து நடந்தது. சாட்சிக்குக் கையெழுத்து வைத்தவன் நான். என்ரை கையெழுத்து கோழி கிளறின மாதிரி இருந்தது என்று எல்லாரும் சிரித்தார்கள்.

கனடா விசா மறுத்தது. ஜெயசுதனின் ரெலிபோனும் குறைந்தது. கடைசியில், தனக்கு அங்கேயே ஒருத்தி இருக்கிறாள் என்று சொல்லிவிட்டான். சத்தம்போடாமல் கோட்டிலே வழக்குப் போட்டுப் பிரித்தெடுத்தோம். ஊருக்குக் குணம் ஒன்றும் சொல்லவில்லை. சின்னவள் பிரதீபாவுக்கு இடம் பார்க்கவேணுமே.

நிரோஜா கோப்பாயில் ஒரு பாலர் பள்ளிக்குப் படிப்பிக்கப் போனாள். அங்கே நாலு வயதாகியும் பேச்சு வராத பிள்ளை ஒன்று. அதோடு மாரடித்து மாரடித்து, அப்படிப் பிள்ளைகளைப் பேசப் பழக்குகிற படிப்பையே படிக்கவேணும் என்று ஒற்றைக்காலில் நின்றாள். அவுஸ்திரேலியாவில் இடமும் கிடைத்தது.

விசா விண்ணப்பம் நிரப்புகிற சிவகரனிடம், நெல்லியடிக்கு, நானும் துணைக்குப் போனேன். ஏன் இந்தப் படிப்பு, முடித்தபிறகு என்ன செய்வாய் என்று அவன் கேட்டதற்கெல்லாம் பிள்ளை தயங்காமல் சொன்னாள்.

"கலியாணம்?"

"ஆகேல்லை," என்றாள் குணம், பிள்ளை வாய் திறக்கமுன்னம்.

"அம்மா!"

"என்னடி அம்மா? தாலி ஏறாத பிள்ளைக்கு என்ன விவாகரத்து? அண்ணை, நீங்களே சொல்லுங்கோ. அண்டைக்கு ஐயர் வந்தவரோ? மேளம் அடிச்சதோ?"

"மேளம் அடிக்கேல்லைத்தான் குணம். ஆனால் கையெழுத்து வைச்சவன் நானெல்லே," என்றேன்.

சிவகரன் கொம்பியூட்டரிலிருந்து கையை எடுத்தான்.

"அன்ரி, முந்தி விசா மறுத்ததோ எண்டும் கேள்வி கிடக்கு. கனடா மறுத்ததைச் சொன்னால், ஆரின்ரை மனுசியாய்க் கேட்டது எண்டும் வரும். மறைச்சுப் பிடிபட்டால் பிறகு அந்தப் பக்கம் தலைவைச்சும் படுக்கேலாது. கோட்டுத் தீர்ப்பைக் கொண்டுவாங்கோ."

"உது வெளியிலை தெரிஞ்சால் என்ரை சின்னவளை ஆர் கேட்டு வருவினம்?"

"கனடாவுக்கெண்டு காத்துக்கிடந்த காலத்துக்குக் கணக்குக் கேட்டால் நான் என்னம்மா சொல்லுறது?" என்றாள் நிரோஜா. "நான் செய்த பிழை என்ன?"

குணம் கைப்பையை எடுத்துக்கொண்டு எழும்பினாள். விண்ணப்பத்தை அனுப்பாமலே பஸ் ஏறினோம்.

வீட்டிலே பிரதீபா சோறு போட்டுக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டாள். பிறகு தாயைப் பார்த்துச் சொன்னாள்: "அக்காவை மறைச்சால்தான் என்னைக் கேட்டு வருவினமெண்டால், அந்த வீட்டுக்கு நான் போகேல்லை."

குணம் சோற்றைப் பிசைந்தபடியே இருந்தாள். கையைக் கழுவிவிட்டு வந்து அலுமாரியைத் திறந்தாள். எழுத்துப் படங்களுக்கு அடியில் கிடந்த தீர்ப்பை எடுத்து நிரோஜாவின் மடியில் வைத்தாள். "பிளாஸ்ரிக் உறையிலை போட்டுக் கொண்டு போ. மழை வரும்," என்றாள்.

விசா வந்தது. பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்கப் போனபோது, பக்கத்து வளவு ஞானாம்பிகை வந்து ஒட்டிக்கொண்டாள்.

"குணமக்கா, பிள்ளை மாப்பிளையிட்டையோ போகுது?"

குணம் தேங்காயை ஓங்கி அடித்தாள்.

"மாப்பிளையைக் கோட்டிலை வெட்டிவிட்டாச்சு. பிள்ளை படிக்கப் போகுது."

ஞானாம்பிகை சிதறின தேங்காய்ச் சொட்டு ஒன்றைப் பொறுக்கி வாயில் போட்டாள்.

"உது ஊருக்கே தெரியும் அக்கா. நீங்கள் எப்ப சொல்லுவியள் எண்டுதான் பாத்துக்கொண்டிருந்தனாங்கள்."