துரையின் பத்தியம்

எங்கள் அடுக்ககத்து வாட்ஸப் குழுவில் நேற்றுக் காலை நான்காம் மாடிப் பெண் ஒரு கேள்வி போட்டிருந்தார். வாங்கிப் பத்து நாளே ஆன நாய்க்குட்டிக்கு வயிறு சரியில்லையாம், என்ன கொடுக்கலாம் என்று. குழாயில் தண்ணீர் வராவிட்டால்கூட வாய் திறக்காத குழு அது. நாய்க்குட்டி என்றதும் திறந்துவிட்டது. ஒருவர் பூசணிக்காய் என்றார், இன்னொருவர் தயிர்சாதம் என்றார், மூன்றாமவர் கடையில் விற்கும் பொட்டலத்தின் படத்தையே அனுப்பிவிட்டார். நான் ‘முதலில் உங்கள் கையை’ என்று தட்டச்சு செய்துவிட்டு அழித்தேன். ஏன் என்று கேட்பார்கள். அது வாட்ஸப்பில் அடங்குகிற கதை இல்லை. உங்களிடமென்றால் சொல்லலாம்.

அப்போது ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பால்கோவா கம்பெனியில் பேக்கிங் மேஜையில் இருந்தேன். கம்பெனி என்பது நாங்களாகக் கொடுத்துக்கொண்ட மரியாதை. நான்கு அடுப்பு, நான்கு பெரிய வாணலி, அவ்வளவுதான். முந்திரிக்கொட்டைத் தோட்டை எரித்துப் பாலைச் சுண்டக் காய்ச்சுவார்கள். அந்தப் புகையும் பால் வாசனையும் சட்டையில் ஏறிவிட்டால் எந்தச் சோப்புக்கும் அசையாது. பஸ்ஸில் பக்கத்தில் உட்காருபவர்கள் என்னை மோந்து பார்த்துவிட்டுச் சிரிப்பார்கள். அம்மாவும் போன பிறகு தேவதானம் கிராமத்து வீட்டைப் பூட்டிவிட்டு வந்தவன் நான். சாயங்காலம் வாடகை அறைக்குள் நுழைந்தால் மறுநாள் காலை வரை பேச ஆளில்லை. தனிமை பழகிவிடும் என்பார்கள். எனக்குப் பழகவேயில்லை.

என் புலம்பல் தாங்காமல்தான், இராஜபாளையத்தில் பேண்டேஜ் கம்பெனியில் வேலை பார்த்த சேக்காளி மாரியப்பன் ஒரு குட்டியைக் கொண்டுவந்தான். டவுன் பஸ்ஸில், அட்டைப்பெட்டிக்குள், கழித்துப் போட்ட பேண்டேஜ் துணிக்கு நடுவே. எது துணி, எது குட்டி என்றே தெரியவில்லை, அவ்வளவு வெள்ளை. மூக்கு மட்டும் ரோஸ்.

“ஏலே, அசல் ராஜபாளையம். கடைசிக் குட்டி, கொஞ்சம் சவலை. நல்லா தீனி குடு, பொறவு பாரு.”

அந்த ஜாதி நாய் காவலுக்கு இருந்தால் திருடன் தெருவுக்குள்ளேயே வரமாட்டான் என்பது பேச்சு. இவனோ பல்லியைப் பார்த்துவிட்டு என் காலுக்கிடையில் புகுந்தான். துரை என்று பெயர் வைத்தேன்.

மூன்றாம் நாளே துரைக்கு வயிற்றால் போனது. ஸ்ரீவில்லிபுத்தூரில் இருந்துகொண்டு ஒரு குட்டிக்குப் பால் ஊற்றாமல் வேறெதை ஊற்றுவது? ஊற்றியிருந்தேன். மாட்டாஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போய், இரண்டு பசுவுக்கும் ஒரு நொண்டி ஆட்டுக்கும் பின்னால் நின்றேன். டாக்டரம்மா பாலைத்தான் முதலில் நிறுத்தினார். தயிர், பிஸ்கட் எதுவும் கூடாது. குழைய வேகவைத்த சோறும் தோல் உரித்து வேகவைத்த கோழியும், உப்பு காரம் இல்லாமல், கொஞ்சம் கொஞ்சமாக நாலு வேளை.

நாலு வேளைக்கு நான் எங்கே போவேன்? வீட்டுச் சொந்தக்காரர் பாத்திமா அக்காதான் முன்வந்தார். “நீங்க வேலைக்குப் போங்க தம்பி. மதியத்துக்கு நான் வச்சிருதேன். ஆனா தொட மாட்டேன்” என்றார். ஐந்து வேளையும் தொழுகிறவர். நாயின் எச்சில் பட்டால் கழுவிச் சுத்தம் செய்ய வேண்டும் என்பது அவருக்கு விதி. அலுமினியத் தட்டில் சோற்றைப் போட்டு, நீளக் கரண்டியால் தள்ளிவிட்டு, இரண்டு கை தூரத்தில் நின்று, “முழுசும் தின்னுலே” என்று அதட்டுவார்.

இரண்டு நாள் நன்றாக இருப்பான், மறுபடி போகும். அரிசியை மாற்றினேன். கோழியை நிறுத்தி முட்டை வெள்ளைக்கரு கொடுத்தேன். ஜவ்வரிசிக் கஞ்சி காய்ச்சினேன். எனக்கு நானே சமைத்துக்கொண்டதில்லை, துரைக்காக அடுப்பு பற்றவைத்தேன். ஒன்றும் நிற்கவில்லை. விலா எலும்பு தெரியத் தொடங்கியது. இதுவும் போய்விடும் என்ற பயத்தில் எனக்குச் சோறு இறங்கவில்லை. அக்காவிடம் போய், “நான் இல்லாதப்போ பால் கீல் ஊத்துதீங்களாக்கா?” என்று கேட்டும்விட்டேன். அவர் முகம் சுருங்கிவிட்டது. “அல்லா மேல ஆணையா ஒண்ணும் குடுக்கல தம்பி.”

அன்று மாலை துரை நிற்க முடியாமல் சரிந்தான். டாக்டரம்மா ஆஸ்பத்திரியைப் பூட்டப் போன நேரத்தில் தூக்கிக்கொண்டு ஓடினேன். குளுக்கோஸ் ஏற்றினார். தலையைத் தூக்கவும் தெம்பில்லாத குட்டி, நான் கையை அருகே கொண்டுபோனதும் என் ஆள்காட்டி விரலைத் தேடிப் பிடித்துச் சப்பியது. அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“எங்க வேலை பார்க்கறீங்க?”

“பால்கோவா கம்பெனியில.”

“தினமும் குடுக்கறீங்களா?”

“சும்மா, வாணலி அடியில சொரண்டுனத விரல்ல கொஞ்சமா... சாயங்காலம் வந்ததும். அது தீனியில்லையே டாக்டர்.”

பொய் சொல்லவில்லை. எங்கள் ஊரில் பால்கோவாவை யாரும் சாப்பாட்டில் சேர்ப்பதில்லை. வந்தவர் கையில் வைப்போம், அது ஒரு நலம் விசாரிப்பு. எனக்கு விசாரிக்க இருந்தது துரை ஒருத்தன்தான். விரல் அளவு என்றுதான் தொடங்கியது, பிறகு உள்ளங்கை ஆகிவிட்டது. அவன் நக்க நக்க, நாள் முழுக்கப் பேசாமல் கிடந்த என் வாய் அவனிடம் என்னென்னவோ பேசும்.

“நீங்க கை கழுவாம இவனைத் தொடாதீங்க. அதுதான் இவனுக்கு மருந்து” என்றார்.

கம்பெனியிலேயே முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவினேன். அறைக்கு வெளியே சட்டையை மாற்றினேன். துரை தேறினான். ஆனால் என் விரலை மோந்து பார்ப்பான், இன்னொரு முறை மோந்து பார்ப்பான், பிறகு அக்கா வாசலில் போய்ப் படுத்துக்கொள்வான். ஒரு நாளும் தன்னைத் தொடாத அந்த அம்மாளின் கரண்டிச் சத்தத்துக்கு வாலாட்டினான். எனக்குப் பொறாமையாக இருந்தது. அவரிடம் மன்னிப்புக் கேட்கவும் வாய் வரவில்லை.

ஒரு சாயங்காலம் வேண்டுமென்றே கழுவாமல் கிளம்பினேன். ஒரே ஒரு தடவை என்று நினைத்துக்கொண்டேன். தெருமுனையிலேயே வாசனை பிடித்துத் துரை பாய்ந்து வந்தான். எத்தனை நாள் ஆயிற்று, அப்படி ஒரு உயிர் என்னை நோக்கி ஓடி வந்து! கிட்டே வந்ததும் இன்னும் சதை மூடாத அந்த விலா எலும்பு கண்ணில் பட்டது. போலீஸைப் பார்த்தவன் போல இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கிவிட்டேன். அவன் என் இடுப்பு வரை எம்பி எம்பிக் குதிக்கிறான், நான் நடுத்தெருவில் கையைத் தூக்கிக்கொண்டு அழுகிறேன். பாத்திமா அக்கா ஓடிவந்து, ஒன்றும் கேட்காமல், ஒரு செம்பால் என் கைக்குத் தண்ணீர் ஊற்றினார்.

வேறு வேலை தேடி ஊரைவிட்டுக் கிளம்பியபோது துரையை அவரிடமே விட்டு வந்தேன். பல வருஷம் இருந்தான். ஒரு நாள் போனில் அழைத்து, “துரை போயிட்டான் தம்பி” என்றார். பிறகு, “கடைசியில தலையத் தடவிவிட்டேன். பொறவு கழுவிக்கிட்டேன்” என்றார்.

இப்போது அந்த வீடு இல்லை, பாத்திமா அக்கா இல்லை. கம்பெனியில் முந்திரித் தோடும் எரிவதில்லையாம், பாய்லர் வைத்துவிட்டார்களாம்.

சாயங்காலம் குழுவைத் திறந்து, ‘கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத் தொடுங்கள்’ என்று போட்டேன். மூன்று பேர் கட்டைவிரல் காட்டினார்கள். யாரும் ஏன் என்று கேட்கவில்லை. போனை வைத்துவிட்டு என் விரலை மோந்து பார்த்தேன். ஒரு வாசனையும் இல்லை.