திருப்பி அனுப்பிய ஒன்பது விலக்குகள்

நகராட்சியின் குடிநீர் இணைப்புப் பிரிவில் அவரை எல்லோரும் ‘ரூல்ஸ் அக்கா’ என்றுதான் கூப்பிடுவார்கள். பணி விதிப் புத்தகத்தில் எது எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்பது அவருக்கு மனப்பாடம். வயது நாற்பத்தொன்று. ஒன்பது வயதில் லாரி மோதி இடுப்புக்குக் கீழே செயலிழந்துபோனது; அன்றிலிருந்து சக்கர நாற்காலிதான். உறவுக்காரர்கள் அதை விதி என்றார்கள். பிரேக் பிடிக்காத லாரியை ஓட்டச் சொன்ன முதலாளியைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை.

பிரிவின் மேலாளர் விடுப்பில் போனால் அடுத்த மூத்தவர் பொறுப்பைப் பார்க்க வேண்டும். அப்படி முப்பது நாளாவது பொறுப்பு பார்த்தவர்களுக்குத்தான் மேலாளர் பதவி உயர்வு. பதினான்கு வருடமாக அடுத்த மூத்தவர் ரூல்ஸ் அக்காதான். அவர் பொறுப்பு பார்த்த நாட்கள் பூஜ்யம். ஒவ்வொரு முறையும் பணியாளர் பிரிவிலிருந்து ஒரே வாசகம் வரும்: ‘உடல்நிலை கருதி இவருக்கு விலக்களிக்கப்படுகிறது.’ பொறுப்பு அவருக்கு அடுத்து இருந்தவருக்குப் போகும். போய்ப் போய் அந்த ஆளுக்குப் ‘பொறுப்புத் தம்பி’ என்றே பெயர் விழுந்துவிட்டது.

இந்த விலக்குகளை எழுதிய பணியாளர் பிரிவு அதிகாரி கெட்டவர் இல்லை. ரொம்ப நல்லவர். அதுதான் கொடுமை. கெட்டவனோடு சண்டை போடலாம். “மேலாளர் ரூம் மாடியில இருக்கும்மா, இருபத்திரண்டு படி. உங்களுக்கு எதுக்கு வீண் சிரமம்?” என்று கனிவோடு கேட்பவரை என்ன செய்வது?

அந்த வருடம் மேலாளர் முப்பத்தொரு நாள் பயிற்சிக்குக் கிளம்பவிருந்தார். பதவி உயர்வுப் பட்டியல் அதற்கடுத்த மாதம் முடிவாகிறது. காலி இடம் இரண்டு. இதை விட்டால் அடுத்த பட்டியல் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. ரூல்ஸ் அக்கா மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார். உத்தரவு வந்தது. அதே வாசகம். ஒன்பதாவது விலக்கு.

வீட்டுக்கு வந்து பாத்திரத்தையெல்லாம் ணங் ணங் என்று வைத்தார். சமையல் மேடை அவர் உயரத்துக்குத் தாழ்த்திக் கட்டியது. பேருந்து ஓட்டுநரான கணவர் நின்றபடி வெங்காயம் நறுக்கினால் குனிந்து குனிந்து முதுகு பிடித்துக்கொள்ளும்.

“நீ கேட்டியா அந்த விலக்கை?” என்றார் அவர்.

“நான் ஏங்க கேக்கப்போறேன்?”

பத்தாம் வகுப்புப் படிக்கும் மகள் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கவில்லை. “கேக்காத பொருள் வீட்டுக்கு வந்தா என்னம்மா பண்ணுவே? திருப்பி அனுப்ப மாட்டியா?”

ரூல்ஸ் அக்கா கரண்டியைக் கீழே வைத்தார். “அடியேய், நீ யார் வயித்துல பொறந்தே!”

மறுநாள் காலை ஒன்பது உத்தரவுகளின் நகல்களையும் ஒரு கோப்பில் கோத்து, மேலே ஒரு கடிதம் வைத்தார். ‘இத்துடன் உள்ள ஒன்பது விலக்குகளையும் நான் ஒருபோதும் கோரியதில்லை. அவற்றைத் திருப்பி அனுப்புகிறேன். பெற்றுக்கொண்டதற்கு ஒப்புகை தரவும்.’

தபால் பிரிவு எழுத்தர் அதை மூன்று முறை படித்தார். “அக்கா, இதை எந்தப் பதிவேட்டுல ஏத்துறது? வர்ற தபாலா, போற தபாலா?”

“திரும்பி வந்த தபால்னு ஏத்து.”

பதினொரு மணிக்குள் கட்டிடம் முழுக்க செய்தி பரவிவிட்டது. பன்னிரண்டு மணிக்கு ஆணையரே படியிறங்கி வந்தார். பின்னால் பணியாளர் பிரிவு அதிகாரி, முகம் வாடிப்போய்.

“உங்க நல்லதுக்குத்தானேம்மா செஞ்சோம்” என்றார் அதிகாரி.

“என் நல்லதை என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே சார்.”

ஆணையர் சிரிப்பை அடக்கினார். “சரி, மாடி ஏற முடியாதே. மேலாளர் நாற்காலி மேல இருக்கே?”

“நாற்காலி வேண்டாம் சார், என்கிட்ட சொந்தமா ஒண்ணு இருக்கு. மேசையை மட்டும் இறக்கிக் கொடுங்க.”

பக்கத்தில் நின்ற பொறுப்புத் தம்பிதான் முதலில் வெடித்துச் சிரித்தார். “சார், ஒரு முனையை நான் பிடிக்கிறேன். எனக்கும் இந்தப் பொறுப்பு அலுத்துப்போச்சு.”

மேசை இறங்கியது. வேறு இடமில்லாததால் மனு வாங்கும் சாளரத்துக்குப் பக்கத்திலேயே போட்டார்கள். பிறகு நடந்ததை அந்தப் பிரிவில் ஒருவரும் எதிர்பார்க்கவில்லை. அதுவரை கீழே வாங்கிய மனு, கட்டாகச் சேர்ந்து மாடிக்குப் போய், கையெழுத்தாகி இறங்க நாலு நாள். இப்போது மனு வாங்கும் கைக்கும் கையெழுத்துப் போடும் கைக்கும் நடுவில் இரண்டு முழம். காலையில் வந்தவர் அன்று மாலையே உத்தரவோடு போனார்! முதல் வாரம் வரிசை வாசல்வரை நின்றது. இரண்டாம் வாரம் எட்டுப் பேர். கோப்பு சுமந்து படியேறியே முழங்கால் தேய்ந்த கடைநிலை ஊழியர், “இத்தனை வருஷமா எதுக்குடா ஏறுனேன்?” என்று வருவோர் போவோரிடமெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார்.

பன்னிரண்டாம் நாள் ரூல்ஸ் அக்கா சறுக்கினார். வேகம்தான் காரணம். ஒரே வீட்டுக்கு அண்ணன் பெயரில் ஒன்று, தம்பி பெயரில் ஒன்று என்று இரண்டு இணைப்புக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டார். பொறுப்புத் தம்பி கண்டுபிடித்துக் காதோடு சொன்னார். “அக்கா, கமுக்கமா ஒண்ணைக் கிழிச்சுடலாம். இது மேல போச்சுன்னா உங்க முப்பது நாள் காலி.”

அக்கா நாள்காட்டியைப் பார்த்தார். முப்பதுக்கு இன்னும் பதினெட்டு நாள் மிச்சம். கையெழுத்துப் போட்ட அதே கையால், இரண்டாவது உத்தரவு தன் தவறு, ரத்து செய்கிறேன் என்று எழுதிக் கையெழுத்திட்டு ஆணையருக்கு அனுப்பினார்.

அரை மணியில் பணியாளர் பிரிவு அதிகாரி வந்துவிட்டார், அதே கனிவோடு. “நான் அப்பவே சொன்னேனேம்மா. உடம்பு ஒத்துழைக்க வேண்டாமா? ஆணையர்கிட்ட பேசி உங்களை விடுவிக்கச் சொல்றேன்.”

“சார், போன வருஷம் நம்ம மேலாளர் மூணு தப்புக் கையெழுத்துப் போட்டார். ஞாபகம் இருக்கா?”

“இருக்கு.”

“அதுக்கு அவர் காலைக் காரணம் சொன்னீங்களா?”

சாளரத்துக்கு வெளியே நின்ற ஒரு பெண்மணி, “நல்லாக் கேளும்மா!” என்றார். அதிகாரி வழுக்கையைத் தடவிக்கொண்டே மாடி ஏறினார். ஏறியவர் ஆணையரிடம் என்ன பேசினாரோ, மூன்று மணிக்கு ரத்து உத்தரவு ஒரே வரியோடு திரும்பி வந்தது: ‘பார்த்தேன். வேலை தொடரட்டும்.’ ஆணையர் கையெழுத்து. பொறுப்புத் தம்பி அந்தத் தாளைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பிரிவு முழுக்க ஒரு சுற்று ஓடினார்.

முப்பத்தொரு நாளும் பணிப்பதிவேட்டில் ஏறின. பட்டியல் வந்தபோது இரண்டு பெயர்கள் இருந்தன: ரூல்ஸ் அக்கா, பொறுப்புத் தம்பி. கணவர் அன்று பேருந்தைப் பணிமனையில் விட்டதும் சீருடையோடு ஓடி வந்து, “மேனேஜர் மேடம்!” என்று தெருவே கேட்கும்படி கத்தினார். “கத்தாதீங்க, பக்கத்து வீட்டுக் குழந்தை தூங்குது” என்ற அக்காவின் குரலும் தெருவுக்குக் கேட்டது.

அக்காவுக்குப் புதிய இடம் குறைதீர் பிரிவு. அங்கே பத்தொன்பது பேர். முதல் வாரத்திலேயே அவர் வரவழைத்துப் பார்த்தது பொறுப்பு உத்தரவுகளின் கோப்பைத்தான். காது கேளாத உதவியாளர் ஒருவர். வயது ஐம்பது, பிரிவிலேயே மூத்தவர். தொலைபேசி எடுக்க முடியாது என்ற ஒரே காரணத்துக்காக அவருக்கு ஏழு விலக்குகள். ஊர்ப்பட்ட குறையையும் படித்துப் பார்த்துத் தீர்வு எழுதுகிற மனிதரை ஒரு மணிச்சத்தம் ஓரம் கட்டியிருந்தது. அந்த மணி அடித்த மறு நொடி தொலைபேசியை எடுக்க அங்கே பதினேழு பேர் சும்மா இருந்தார்கள்.

அடுத்த மாதம் அக்காவுக்கு நாலு நாள் விடுப்பு. பொறுப்புக்கு அந்த உதவியாளரின் பெயரைப் பணியாளர் பிரிவுக்கு எழுதி அனுப்பி, தொலைபேசியை இன்னொரு மேசைக்கு மாற்றச் சொன்னார். உத்தரவு வந்ததும் அவர் பதறிப்போய் அக்காவின் மேசைக்கு வந்து ஒரு துண்டுத்தாளில் கிறுக்கி நீட்டினார்.

‘எனக்கா? நான் தப்பு பண்ணிட்டா?’

அக்கா அதன் கீழேயே எழுதினார். ‘பண்ணுவீங்க. நானும் பண்ணினேன். மறைக்காம திருத்துங்க, போதும்.’

அவர் இரண்டு தடவை படித்தார். பிறகு தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, முத்திரை வைக்கும் இழுப்பறையின் சாவிக்காகக் கையை நீட்டினார்.