மாடி ஜன்னலுக்கு நேராக ஒரு மூங்கில்

பாண்டிச்சேரி முதலியார்பேட்டையில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் கொஞ்சம் மண் தரை உண்டு. ஒரு முருங்கை, துவைக்கிற கல், துணிக்கொடி, அவ்வளவுதான். இரண்டாயிரத்துக்குப் பிறகு பக்கத்து வீட்டுக்காரர் மாடி எடுத்தார். பிரெஞ்சு ராணுவத்திலிருந்து பென்ஷனோடு திரும்பியவர். அவர் வைத்த பெரிய ஜன்னல் நேராக எங்கள் தோட்டத்தைப் பார்த்தது. நான் அதைப் பொருட்படுத்தவில்லை. காலையில் ஆபீஸுக்குப் போனால் இருட்டித்தான் வருவேன்.

என் தங்கை வந்து தங்கிய பிறகுதான் அந்த ஜன்னல் உறுத்த ஆரம்பித்தது. விழுப்புரத்தில் பள்ளிக்கூட டீச்சர் அவள். மார்பில் கட்டி வந்து ஆபரேஷன் ஆகி, கோரிமேட்டு ஆஸ்பத்திரியில் கீமோ போய்க்கொண்டிருந்தது. ஒவ்வொரு தடவையும் பஸ்ஸில் வந்துபோகத் தெம்பு இல்லாததால் என்னோடும் அம்மாவோடும் இருந்தாள். முடி மொத்தமும் கொட்டிவிட்டது. தலையில் துணி கட்டினால் வியர்த்து அரிக்கும். சாயந்திரம் தோட்டத்தில் துணியை அவிழ்த்துவிட்டுக் காற்றாட உட்காருவாள். மாடியில் ஆள் அசைந்தால் போதும், அவசரமாகத் துணியைச் சுற்றிக்கொண்டு உள்ளே வந்துவிடுவாள்.

மதிலை அவ்வளவு உயரத்துக்கு எடுக்க முடியாது. மரம் வைத்தால் கிளை அடுத்த வீட்டுக்குள் போகும். "மூங்கில் வெச்சா என்னக்கா?" என்று அவள்தான் கேட்டாள்.

அம்மா என்னைச் சமையலறைக்குள் இழுத்துப் போனாள். "வீட்டுல ஒருத்தி இப்படி இருக்கும்போது மூங்கிலா? அது எதுக்கு வெட்டுறதுன்னு தெரியாதா உனக்கு?"

தங்கை கூடத்திலிருந்தே சத்தமாகச் சொன்னாள். "பாடைக்குத் தனியா வாங்க வேணாம்மா, மிச்சம்தானே."

அம்மா அழுதாள். தங்கை வந்து அவளுக்குத் தண்ணீர் மொண்டு கொடுத்தாள். அதற்கப்புறம் யாரும் ஆட்சேபிக்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆட்டோ வைத்துக்கொண்டு, திண்டிவனம் போகிற ரோட்டில் இருந்த நர்சரிக்குப் போனோம். எனக்கு மஞ்சள் மூங்கில் பிடித்திருந்தது. தடித்த கழிகள், மேலே பச்சைக் கோடுகள், பார்க்க லட்சணமாக இருந்தது. சீக்கிரம் வளரும் என்று நர்சரிக்காரரும் சொன்னார்.

தங்கை விலை கேட்கவில்லை. அந்தப் புதருக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள்.

"அக்கா, நான் தெரியறேனா?"

"நல்லாத் தெரியுறே. இடுப்புக்குக் கீழ வெறும் கழிதான் இருக்குது."

அடுத்து முள் மூங்கில். அதன் பக்கத்தில் போனதுமே சேலை மாட்டிக்கொண்டது. துணி காயப்போடுகிற இடத்துக்கு இது ஆகாது என்று விட்டுவிட்டோம். கடைசியில் வேலி ஓரமாக மெல்லிய கழிகளோடு ஒன்று இருந்தது. கட்டைவிரல் தடிமன்தான் இருக்கும், ஆனால் அடியிலிருந்தே இலை நெருக்கமாக விட்டிருந்தது. அவள் அதற்குப் பின்னால் போனாள்.

"இப்போ?"

"தெரியலை."

"நெசமாவா?"

"நெசமாத்தான். சேலை கலர்கூடத் தெரியலை."

கொஞ்ச நேரம் கழித்துத் தலைத்துணியைக் கையில் பிடித்தபடி வெளியே வந்தாள். நர்சரிக்காரர் பார்வையை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார். அவள் துணியைக் கட்டவில்லை. அவரிடமே கேட்டாள்: "இது வேர் ஓடி மதிலைப் பேர்க்குமாண்ணா?"

"இது ஓடாதும்மா. ஒரே குத்தா நிக்கும். ஆனா மாடி உசரத்துக்கு வர ரெண்டு மூணு வருஷம் ஆகும். அவசரம்னா மஞ்சளை எடுத்துக்கங்க."

நான் அவள் முகத்தைப் பார்க்காமல் செடியைப் பார்த்தேன். அவளுக்கு இரண்டு வருஷம் உண்டென்று எந்த டாக்டரும் எங்களிடம் சொல்லியிருக்கவில்லை.

"இதையே எடுங்க" என்றாள் அவள்.

ஆறு கன்றுகளை மதிலோரம் வரிசையாக நட்டோம். காலையில் அவளே தண்ணீர் ஊற்றினாள். முழங்கால் உயரம்கூட இல்லாத அந்தச் செடிகளுக்குப் பக்கத்தில்தான் சாயந்திரம் உட்காருவாள். மாடி ஜன்னல் எப்போதும்போலத் திறந்தே இருந்தது. ஒரு நாள் அந்த வீட்டு அம்மா மேலேயிருந்து, "என்ன செடி அது?" என்று கேட்டார். தங்கை நிமிர்ந்து, மொட்டைத் தலையோடேயே, "மூங்கில்க்கா, உங்க ஜன்னலை மறைக்கத்தான்" என்றாள். அவர் சிரித்துவிட்டார். அன்றைக்கு மதிலுக்கு மேலாக ஒரு தட்டில் கேக் வந்தது.

கீமோ முடிந்தது. மழைக்காலத்தில் முடி சுருள் சுருளாக முளைத்தது. மறு ஜூனில் அவள் பள்ளிக்கூடத்துக்குத் திரும்பினாள். மூங்கில் அப்போது என் தோள் அளவு இருந்தது.

அது ஜன்னலை எட்டியது அதற்கும் ரொம்ப நாள் கழித்து. இன்றும் லீவுக்கு வந்தால் முதலில் துடைப்பத்தைத்தான் எடுப்பாள். இலை விழுந்து சாக்கடை அடைத்துக்கொள்கிறது. குனிந்து குப்பையை வாரிக்கொண்டே, இதை யார் வாங்கிவரச் சொன்னது என்று என்னைத் திட்டுவாள். நான் முறத்தைக் கொண்டுபோய்க் கொடுப்பேன்.