கானானில் ஆட்கள் இருந்தார்கள்

மன்னாரில் புவியியல் படிப்பித்த சவிரிமுத்து, கனடாவில் மொன்றியலுக்கு வந்தபின் லாசாலில் ஒரு தொழிற்சாலையில் ஆறு நாளும் பிஸ்கற் பெட்டி ஒட்டினார். ஏழாம் நாள், கத்தோலிக்கக் கோவிலின் மறைக்கல்வி வகுப்பில், ஒரு மணித்தியாலம் மட்டும் அவரை 'மாஸ்ரர்' என்று அழைத்தார்கள். அந்த ஒரு மணித்தியாலத்துக்காகவே மனிதர் சவரம் செய்தார்.

2006 இலையுதிர் காலத்தில் அவர் ஒரு பெருங்குற்றம் புரிந்தார். கடவுளால் இஸ்ரயேலருக்கு வாக்களிக்கப்பட்ட நாட்டின் வரைபடத்தைச் சுவரில் தொங்கவிட்டார். மேற்கே கடல், கிழக்கே யோர்தான், வடக்கே லெபனான் மலை. இதுவரை பிழையில்லை. பிறகு, அந்த நாட்டில் முதலே கானானியர் இருந்தார்கள், ஊர்களுக்கு மதில் கட்டினார்கள், கடற்சங்கிலிருந்து ஊதாச்சாயம் எடுத்தார்கள் என்றும் சொல்லிவிட்டார்.

"பேந்து அவையள் எங்க போனவை?" என்று ஒரு பிள்ளை கேட்டது. வீட்டுக்குப் போயும் கேட்டது.

அடுத்த ஞாயிறு பெற்றோர் சார்பில் எமில்டா என்ற தாய் வந்தார்.

"பாலும் தேனும் ஓடினதெண்டு சொன்னாக் காணும் மாஸ்ரர். மாடு ஆரின்ரை எண்டு பிள்ளையளுக்கு என்னத்துக்கு? வகுப்பை இனி என்னட்டை விடுங்கோ."

யாழ்ப்பாணத்து மயிலிட்டியில் எமில்டாவின் வீடு பதினாறு வருடமாக, சொந்தக்காரர் போகமுடியாத இராணுவத்தின் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் கிடந்தது. காணி உறுதிப் பத்திரத்தை அவர் கைப்பையிலேயே கொண்டு திரிந்தார். மாஸ்ரருக்கு அது தெரியும். அதைப்பற்றி ஒரு கேள்வி கேட்டிருந்தால் வகுப்பு தப்பியிருக்கும்.

"ஓம்," என்றார் மாஸ்ரர். வரைபடத்தைச் சுருட்டினார்.

இப்போது அந்த நேரத்தில் எமில்டா பாட்டுப் பழக்குகிறார். சவிரிமுத்து கடைசி வரிசை வாங்கில் பூசை காண்கிறார், சவரம் செய்யாமல்.