ஒட்டாத கடைசித் தாள்

டயகம தேயிலைத் தோட்டத்தில், துரையின் பங்களாவில் வேலை பார்க்கும் ஒரு ஆயா. ஒல்லி உடம்பு, இறுக முடிந்த கொண்டை. துரையின் மனைவி துரைசாணி படித்துவிட்டு எறியும் ஆங்கிலக் காதல் படக்கதைகளைத் தன் லயத்து வீட்டுச் சுவரில் பக்கம் பக்கமாக ஒட்டியிருந்தார். புருஷனிடம் சொல்ல வேண்டியதையெல்லாம் அந்தப் படங்களைப் பார்த்தே சொல்வார்.

அவர் மகள் பள்ளிக்கு வராததால் நான் விசாரிக்கப் போயிருந்தேன். சுவரில் ஒரு கதைக்கு மட்டும் முடிவு இல்லை.

"கடைசித் தாள் எங்கேங்க?" என்றேன்.

"பொட்டியில இருக்குங்க டீச்சர். அதுல அவ அவனக் கட்டிப்புடிச்சிக்கிட்டு நிக்கிறா. அவன் வாயே தொறக்கல. அடிச்சதுக்கு ஒரு வார்த்த சொல்லட்டும், ஒட்டுறேன்."

அந்தக் கதையில் யாரும் யாரையும் அடிக்கவில்லை.

அடுப்படியில் குந்தியிருந்த புருஷன் ஊதுகுழலை வாயிலிருந்து எடுத்தார். இருவரும் காத்திருந்தோம்.

அவர் மறுபடியும் அடுப்பை ஊதத் தொடங்கினார்.